ஹம்மிங்பேர்ட் வகைப்பாட்டுக்கு எந்த டிஎன்ஏ: ஒரு ஜீனா, ஆறு ஜீனா, முழு ஜீனோமா?

"அக்கா, சிஓஐ மட்டும் வச்சு முடிச்சிடலாமா, இல்ல முழு ஜீனோம் இறக்கணுமா? கைடு பெருசா எதாவது பண்ணுங்கிறாங்க, என்கிட்ட இந்த லேப்டாப் ஒண்ணுதான் இருக்கு." திருவாரூர் பக்கம் எம்எஸ்சி விலங்கியல் படிக்கிற தம்பி ஒருத்தன் போன மாசம் கேட்டது. அதுக்கு முன்னாடி கும்பகோணத்துப் பொண்ணு ஒருத்தியும் இதையேதான் வேற மாதிரி கேட்டா. சிஓஐங்கறது மைட்டோகாண்ட்ரியால இருக்கிற ஒரே ஒரு ஜீன், ஜீனோம்ங்கறது ஒரு உயிரோட மொத்த டிஎன்ஏ. போன்ல சொல்லி முடியற விஷயம் இல்லங்கறதால எழுதிடறேன்.

தம்பி முதல்ல தேன்சிட்டுலதான் பண்ணணும்னு இருந்தான். ஆனா பறவையப் புடிக்கணும், ரத்தம் எடுக்கணும்னா 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனஉயிரினக் காப்பாளர்கிட்ட அனுமதி வாங்கணும், ஆறு மாச ப்ராஜெக்ட்ல அந்தக் கடிதம் கைக்கு வர்றதுக்குள்ள வைவாவே வந்துடும். ஹம்மிங்பேர்டுக்கு அந்தத் தொல்லை இல்ல. அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும் இருக்கிற 360க்கு மேல இனம், அதுல பெரும்பாலானதோட டிஎன்ஏ வரிசை ஜென்பேங்க்ங்கிற இணைய டிஎன்ஏ சேமிப்புல இலவசமா கிடக்கு, மாயவரத்துல உக்காந்துகிட்டே எடுக்கலாம். நம்ம ஊர்ப் பறவையப் படிக்காம அங்க போறோமேன்னு வருத்தப்பட வேண்டாம், முறையக் கத்துக்கறதுக்கு இத விட நல்ல குடும்பம் கிடைக்காது, கத்துகிட்டு அனுமதியோட தேன்சிட்டுக்கு வரலாம்.

இன்னொண்ணு. கொல்லைச் செம்பருத்திக்கு வர்ற தேன்சிட்டப் போட்டோ எடுத்து "எங்க வீட்டு ஹம்மிங்பேர்ட்"னு போடறாங்க. அது ஹம்மிங்பேர்டும் இல்ல, அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்கூட இல்ல. ஹம்மிங்பேர்டோட நெருங்கின உறவு நம்ம ஊர்ல யாருன்னா, பனைமரத்துக்கு மேல அரிவாள் மாதிரி றெக்கைய வச்சுகிட்டு சாயங்காலம் சுத்திகிட்டே இருக்குமே, பனை உழவாரன், அதுதான். பனை ஓலைலதான் எச்சில வச்சுக் கூட்ட ஒட்டும். றெக்கை எலும்பப் பாத்தா தெரியும், ரெண்டுக்கும் மேல்கை எலும்பு ரொம்பக் குட்டை, கைப்பகுதி ரொம்ப நீளம், காலும் ரெண்டுக்கும் சின்னது. தேன்சிட்டு காக்கா, குருவி இருக்கிற பெரிய வகையச் சேர்ந்தது. நீள மூக்கு, மினுமினுப்பு, தேன் குடிக்கிறது எல்லாம் ரெண்டு இடத்துல தனித்தனியா வந்தது. கண்ணை மட்டும் நம்பினா எங்க போய் விழுவோம்ங்கறதுக்கு இதுவே போதும்.

## எத வச்சு முடிவு பண்றது

"எது பெஸ்ட்"னு கேக்கறதுக்கு முன்னாடி இத நீங்களே உங்களக் கேட்டுக்கோங்க.

கேள்வி எவ்வளவு ஆழம்? உழவாரனும் ஹம்மிங்பேர்டும் எப்பப் பிரிஞ்சதுங்கறது ஒரு கேள்வி, பக்கத்துப் பக்கத்து மலைல இருக்கிற ரெண்டு பச்சைப் பறவை ஒரே இனமாங்கறது வேற கேள்வி. ரெண்டுக்கும் ஒரே டேட்டா உதவாது.

அம்மா வழி மட்டும் தெரிஞ்சா போதுமா, அப்பா வழியும் வேணுமா? கலப்பு நடக்கிற கூட்டமா?

மாதிரி எத்தன ஊர்ல இருந்து வருது? இத யாருமே கேக்கறதில்ல, எனக்கு இதுதான் எல்லாத்துலயும் முக்கியம்.

காசு, நாள், கம்ப்யூட்டர். கடைசியா, தப்பு நடந்தா உங்களுக்குத் தெரிய வருமா? சில முறைல தப்பு நடந்தா உடனே பல்லிளிக்கும், சிலதுல தப்பே அழகா, முழு மார்க்கோட வந்து நிக்கும்.

| வழி | எதுக்கு நல்லா உதவும் | கைச்செலவு | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|
| உருவம், நிறம் | களத்துல அடையாளம் | கம்மி | ஒரே மாதிரி தெரியிறதெல்லாம் சொந்தம் இல்ல |
| மைட்டோகாண்ட்ரியா மட்டும் | முதல் பார்வை, பார்கோடு (இன அடையாளம்) | கம்மி | அம்மா வழி மட்டும், போலி காப்பி |
| நாலஞ்சு நியூக்ளியர் ஜீனும் (செல்லோட உட்கருல இருக்கிறது) சேத்து | ஜீனஸ் (பேரினம்), குடும்பம் | நடுத்தரம் | எழுத்து அடுக்கற வேலை, சில கிளை தெளியாது |
| ஜீனோம் அல்லது ஆயிரக்கணக்கான துண்டு | நெருங்கின இனங்கள், கலப்பு | ரொம்ப அதிகம் | கம்ப்யூட்டர், தப்பான உறுதி |

## உருவமும் நிறமும் மட்டும்

இத நான் கேவலமாச் சொல்லமாட்டேன். எங்க பெரியப்பா நெல்லு மணிய உள்ளங்கைல போட்டுப் பாத்தே ரகம் சொல்லிடுவார், பெரும்பாலும் சரியா இருக்கும். பறவையிலயும் அப்படித்தான், ஹம்மிங்பேர்டுல ஹெர்மிட்னு ஒரு கூட்டம் தனின்னு டிஎன்ஏ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே சொல்லிட்டாங்க, அது இன்னைக்கும் நிக்குது.

விழுந்த இடம் எதுன்னா எமரால்ட் கூட்டம். அமசிலியான்னு ஒரு ஜீனஸ், முப்பது இனம் போல அதுக்குள்ள அடைச்சு வச்சிருந்தாங்க, பச்சை உடம்பு, நடுத்தர சைஸ், சுமாரான மூக்கு, அவ்வளவுதான் காரணம். டிஎன்ஏ பாத்தா அது ஒரே வீட்டுப் பிள்ளைங்களே இல்ல, அங்கங்க வேற ஜீனஸோட ஒட்டிகிட்டு நின்னுச்சு. 2017ல எமரால்ட் முழுக்க ஜீனஸ் பிரிச்சு எழுதினாங்க, 2020ல அமெரிக்கப் பறவையியல் சங்கமும் பெயர்ப்பட்டியல்ல மாத்திடுச்சு. அந்த மினுமினுப்பு சாயம் இல்ல, இறகுக்குள்ள இருக்கிற நுண்ணிய அடுக்குல ஒளி பட்டு வர்றது, அடுக்கு கொஞ்சம் தடிமன் மாறினாலே நிறம் மாறிடும். அத நம்பி சொந்தம் சொல்றது ஆபத்து. போதாததுக்குப் பெண் பறவை பல இனத்துல ஒரே மாதிரி சாம்பல், பச்சையா இருக்கும்.

இத எப்ப எடுக்கலாம்? டிஎன்ஏ சொல்றத சரிபார்க்க, எப்பவுமே. தனியா, வேண்டாம்.

## மைட்டோகாண்ட்ரியா மட்டும்

பெரும்பாலான எம்எஸ்சி ப்ராஜெக்ட் இங்கதான் நிக்குது, அதுக்கு நியாயமும் இருக்கு. செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குன்னு தனியா ஒரு சின்ன வட்ட டிஎன்ஏ இருக்கு, 17 ஆயிரம் எழுத்துக்குப் (ஏ, டி, ஜி, சிங்கிற டிஎன்ஏ எழுத்து) பக்கம், ஒரு செல்லுக்குள்ளயே நூத்துக்கணக்குல காப்பி இருக்கறதால நூறு வருஷத்து மியூசியம் தோல்லகூட எடுக்க முடியுது. பார்கோடுக்கு எடுக்கிற சிஓஐ துண்டு 648 எழுத்து, என்டி2ங்கிற இன்னொரு ஜீன் முழுசா 1041. வேகமா மாறும், அதனால புதுசாப் பிரிஞ்ச இனம்கூட சீக்கிரம் தனியாத் தெரிஞ்சிடும். அதே வேகம்தான் ஆழமான கேள்விக்குப் போனா கெடுதல், அழிச்சு அழிச்சு எழுதின சிலேட்டு மாதிரி பழைய எழுத்தெல்லாம் போயிடும்.

பெரிய குறை, இது அம்மா வழி மட்டும். உங்க குடும்பத்த நினைச்சுப் பாருங்க, அம்மா, அம்மாவோட அம்மா, அவங்க அம்மான்னு ஒரே கோடு பிடிச்சுப் போனா அப்பா பக்கத்துப் பங்காளிங்க ஒருத்தர்கூட கணக்குல வரமாட்டாங்க. ரெண்டு இனம் கலந்து பிறந்த பறவைக்கும் இது அம்மாவோட இனத்தத்தான் சொல்லும்.

இதுக்கு ஒரு உண்மைக் கதை இருக்கு, அத ஒவ்வொரு மாணவரும் படிக்கணும்னு நான் ஆசைப்படறேன். 1909ல கொலம்பியாவோட பொகோட்டா ஊர்ல விலைக்கு வாங்கின ஒரே ஒரு தோல். அப்பெல்லாம் தொப்பி அலங்காரத்துக்கும் சேகரிப்புக்கும் ஹம்மிங்பேர்ட் தோல் மூட்டை மூட்டையா விக்கும். நீலக்கருப்பா இருந்த அந்தப் பறவைய 1993ல புது இனம்னு, ஹெலியாஞ்சலஸ் சூசின்னு பேர் வச்சாங்க, பொகோட்டா சன்ஏஞ்சல்னு கூப்பிடுவாங்க. அதுக்கப்புறம் யாரும் அத உயிரோட பாக்கல. 2010ல தோல்ல இருந்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எடுத்து, இது உண்மையான தனி இனம்தான், ஒருவேளை அழிஞ்சே போயிருக்கலாம்னு எழுதினாங்க, நல்ல ஆளுங்க, நல்ல லேப் வேலை. 2018ல வேற குழு நீள்வால் சில்ஃப்ங்கிற ஹம்மிங்பேர்டோட மாதிரிய இன்னும் நிறைய ஊர்ல இருந்து சேத்து மரம் (யாருக்கு யார் சொந்தம்னு காட்டற படம்) போட்டுப் பாத்தா, அந்தத் தோல் நேரா சில்ஃப் கூட்டத்துக்குள்ளயே போய் உக்காந்துடுச்சு. கலப்புல பிறந்ததா இருக்கலாம், அம்மா சில்ஃப். அழிஞ்சு போச்சேன்னு வருத்தப்பட்ட இனம் ஒண்ணு இருந்ததே இல்ல.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, 2010ல எடுத்த எழுத்து ஒண்ணும் தப்பில்ல. ஒப்பிட்ட சில்ஃப் மாதிரிங்க எல்லாப் பக்கத்துல இருந்தும் வரல, அதான். ஜீன் எண்ணிக்கையக் கூட்டறதுக்கு முன்னாடி ஊர் எண்ணிக்கையக் கூட்டுங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். பறவைல பெண்ணுக்குத்தான் ரெண்டு வேற பால் குரோமோசோம், கலப்புல பிறந்த பெண்கள்தான் அதிகம் பிழைக்காமயோ மலடாவோ போகும், அதனால மைட்டோகாண்ட்ரியா ஒரு இனத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவறது மத்த விலங்குங்கள விட பறவைல கொஞ்சம் கம்மி. கம்மிதான், இல்லவே இல்லன்னு இல்ல.

அடுத்த மறைஞ்ச செலவு போலி காப்பி. மைட்டோகாண்ட்ரியாத் துண்டு ஒண்ணு என்னைக்கோ நியூக்ளியஸ் குரோமோசோமுக்குள்ள போய் ஒட்டிகிட்டு வேலை செய்யாமக் கிடக்கும், நம்ம பிரைமர் (வேணும்கிற துண்ட நகலெடுக்க விடற குட்டி டிஎன்ஏ) அதப் புடிச்சிடும். எம்எஸ்சில எனக்கு இது நடந்துச்சு. ஒரு வரிசை மட்டும் மரத்துல எங்கயோ ஒத்தையா நீட்டிகிட்டு நின்னுச்சு, புதுசா எதோ கண்டுபிடிச்சிட்டேன்னு மூணு வாரம் அதுலயே கிடந்தேன். கடைசில மெகா சாஃப்ட்வேர்ல அத புரதமா மாத்திப் பாத்தப்ப நடுவுல ரெண்டு நட்சத்திரக் குறி. நட்சத்திரம்னா ஸ்டாப் கோடான், புரதம் இதோட முடிஞ்சுதுங்கிற குறி, வேலை செய்ற ஜீனுக்கு நடுவுல அது வரவே கூடாது. இத முதல் நாளே பாருங்க, பத்து நிமிஷ வேலை. ஆனா மாத்தும்போது ஜெனடிக் கோட் பட்டியல்ல "வெர்டிப்ரேட் மைட்டோகாண்ட்ரியல்" தேர்ந்தெடுக்கணும், ஸ்டாண்டர்ட்ல விட்டா டிஜிஏ வர்ற இடமெல்லாம் நட்சத்திரமாகி நல்ல வரிசையையும் தூக்கிப் போட்டுடுவீங்க. மைட்டோகாண்ட்ரியால டிஜிஏ டிரிப்டோஃபான்.

## ரெண்டு மைட்டோகாண்ட்ரியா, நாலு நியூக்ளியர்

என் மனசுக்குப் பிடிச்ச வழி இது. 1997லயே டிஎன்ஏ இழைய ஒட்ட வச்சு உருக்கிப் பாக்கிற பழைய முறைல பெரிய கிளைங்கள ஓரளவு கண்டுபிடிச்சிட்டாங்க, ஆனா அதுல வச்சது 26 இனம்தான். 2007ல 151 இனம். 2014ல ஜிம்மி மெக்கையர் குழு அன்னைக்குத் தெரிஞ்ச 338ல 284 இனத்த ஆறு ஜீன வச்சு ஒரே மரத்துல கொண்டு வந்துச்சு. டோப்பாஸ், ஹெர்மிட், மாங்கோ, பிரில்லியன்ட், கோக்கெட், மவுன்டன் ஜெம், பீ, எமரால்ட்னு எட்டுக் கூட்டம், ஒன்பதாவதா எதுலயும் சேராம பெரிய ஹம்மிங்பேர்ட் பட்டகோனா தனியா. உழவாரன்கிட்ட இருந்து பிரிஞ்சு 4 கோடியே 20 லட்சம் வருஷம், இப்ப உயிரோட இருக்கிற எல்லா ஹம்மிங்பேர்டுக்கும் பொதுப் பாட்டன் 2 கோடியே 20 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி தென் அமெரிக்காலன்னு கணக்கு வந்துச்சு.

ஜெர்மனில யூரோட்ரோக்கிலஸ்னு ஒரு புதைபடிவம் இருக்கு, 3 கோடி வருஷம் பழசு, 2004ல வெளிவந்தது. இன்னைக்கு அமெரிக்கால மட்டும் இருக்கிற குடும்பத்தோட பழைய சொந்தம் ஐரோப்பால. டிஎன்ஏ மட்டும் வச்சிருந்தா இது தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல.

இங்க ஏன் நியூக்ளியர் ஜீன் வேணும்னா, அது ரெண்டு பெத்தவங்க வழியும் சொல்லும், மெதுவா மாறும், ஆழத்துல சிலேட்டு அழியாது. மறைஞ்ச செலவு உழைப்பு. நியூக்ளியர் ஜீனோட இன்ட்ரான்ல (புரதமா மாறாத இடைப்பகுதி) எழுத்து விட்டுப்போறதும் நுழையறதும் நடக்கும், அடுக்கும்போது ஒரு இடம் நழுவினா அதுக்கப்புறம் எல்லாம் நழுவும், கம்ப்யூட்டர் போட்டதக் கண்ணால வரி வரியாப் பாக்கணும். சொந்தமா சீக்வென்ஸ் பண்ணினீங்கன்னா ஒரு ரியாக்ஷன் சில நூறு ரூபாய்தான்னு ஆரம்பிக்கும், 40 பறவை, 6 ஜீன், ரெண்டு பக்கமும் ஓட்டணும், 480 ரியாக்ஷன், அப்பத்தான் ரூபாய் தெரியும். ஜென்பேங்க்ல இருந்து எடுத்தா ரூபாய் இல்ல, ஆனா ஒரே இனத்தோட ஆறு ஜீனும் ஒரே பறவைல இருந்து வந்ததான்னு வவுச்சர் நம்பரப் (மியூசியத்துல வச்ச அந்தப் பறவையோட எண்) பாத்துச் சேக்கணும். இத விட்டுட்டுப் பேர மட்டும் பாத்து ஒட்டின ப்ராஜெக்ட் நான் ரெண்டு மூணு பாத்துட்டேன், பேர் மாறின அமசிலியா அங்கதான் காலை வாரும்.

இந்த வழிக்கு எட்டாத இடமும் உண்டு. முக்கொம்புல கொள்ளிடம் பிரியுது, கல்லணைல வெண்ணாறும் புது ஆறும் ஒரே இடத்துல பிரியுது. இப்ப நீங்க வேதாரண்யம் பக்கம் கடைமடைல நின்னுகிட்டு வாய்க்கால் தண்ணிய ஒரு சொம்புல மொண்டு பாத்து எந்த ஆறு முதல்ல பிரிஞ்சதுன்னு சொல்லணும்னா எப்படி இருக்கும்? ஒரே நேரத்துல சடசடன்னு பிரிஞ்ச கூட்டத்துல ஆறு ஜீன் அந்த ஒரு சொம்புதான். போதாததுக்குக் கல்லணைகிட்ட உள்ளாறு வழியாக் காவிரித் தண்ணி மறுபடி கொள்ளிடத்துலயே போய்க் கலக்குது பாருங்க, கலப்பினம்னா அதுதான்.

## ஜீனோம்

ஹம்மிங்பேர்ட் ஜீனோம் பறவைங்கள்லயே சின்னது, நூறு கோடி எழுத்து அளவு. ஆனா ஹார்டுடிஸ்க்ல சின்னதா இருக்காது. ஒரு எழுத்த முப்பது தடவ படிக்கிற அளவுக்கு எடுத்தா ஒரு பறவைக்கே சுருக்கின ஃபைல் இருபது முப்பது ஜிபி, பன்னெண்டு பறவைன்னா முன்னூறு ஜிபிய நெருங்கிடும், அத அடுக்கி மாறுதல் எண்றதுக்குள்ள அது மூணு மடங்காகும். நம்ம ஊர்ல மத்தியானம் கரண்ட் போச்சுன்னா ராத்திரில இருந்து ஓடின வேலை போயிடும். சர்வர் வசதி இருக்கிற கைடு இல்லாம இதுல இறங்காதீங்க.

ஆனா இது இல்லாம முடியாத கேள்வி இருக்கு. பட்டகோனாவ ரொம்ப காலமா ஒரே இனம்னு நினைச்சாங்க. 2024ல ஜீனோம், மியூசியம் தோல், முதுகுல கட்டின குட்டிக் கருவி மூணையும் சேத்துப் பாத்தா ரெண்டு இனம். ஒண்ணு வருஷம் முழுக்க ஆண்டீஸ் மேலயே இருக்கு, இன்னொண்ணு சிலில முட்டை வச்சிட்டு மலைக்குப் போய்த் திரும்பி வருது, போக வர 8300 கிலோமீட்டர். மலைல ரெண்டும் ஒண்ணா மேயும், பாத்தா ஒரே மாதிரி, பிரிஞ்சு இருபது லட்சம் வருஷத்துக்கு மேல ஆச்சு. இதுல கருவி கட்டின அந்த உழைப்ப யாரும் மறக்கக் கூடாது, எந்தப் பறவை எங்க போகுதுன்னு தெரிஞ்சதாலதான் டிஎன்ஏவுக்கு அர்த்தம் வந்துச்சு.

வெறும் வகைப்பாட்டத் தாண்டின கேள்விக்கும் ஜீனோம்தான். ஹம்மிங்பேர்டுக்கு இனிப்பு எப்படித் தெரியுதுன்னா, மத்த பறவைல புலால் சுவைக்கு இருக்கிற ரிசெப்டரே மாறி இனிப்பு புடிக்குதுன்னு 2014ல கண்டுபிடிச்சது அப்படித்தான்.

நடுவுல ஒரு வழி, முழுசா எடுக்காம மாறாத துண்டுங்கள மட்டும் தூண்டில் போட்டு எடுக்கறது, சுமார் 5000 இடம். மியூசியம் தோலுக்கும் நல்லா உதவும், பிஎச்டிக்கு இது போதும்.

இந்த வழில நான் பயப்படறது காசுக்கு இல்ல, தப்பான உறுதிக்கு. டேட்டா கோடிக்கணக்குல இருந்தா எல்லாத்தையும் ஒரே நீளமா ஒட்டி ஓட்டினாலே ஒவ்வொரு கிளைக்கும் பூட்ஸ்ட்ராப் (அந்தக் கிளைய டேட்டா எவ்வளவு தாங்குதுன்னு நூத்துக்குப் போடற மார்க்) 100 வந்துடும், தப்பான கிளைக்கும் சேத்துத்தான். ஜீன் ஜீனா தனி மரம் போட்டு எத்தன ஜீன் உண்மைல ஒத்துக்குதுன்னு எண்ணாம அந்த நூற நம்பாதீங்க.

## அப்ப யாரு எத எடுக்கலாம்

ஆறு மாசம், ஒரு லேப்டாப், அனுமதி கிடையாது: ஒரு சின்னக் கூட்டத்த எடுத்துக்கோங்க, மூணாவது வழி, ஜென்பேங்க் டேட்டா. மரம் போடற மெகா, ஐக்யூட்ரீ சாஃப்ட்வேர் ரெண்டும் இலவசம்.

ஜீனோம், பிஎச்டில நாலஞ்சு வருஷம் இருந்து, கலப்பு நடக்கிற நெருங்கின இனங்க மேல ஆசை இருந்தா மட்டும்.

மைட்டோகாண்ட்ரியா மட்டும், ஒரு இறகோ முட்டைத் துண்டோ எந்த இனம்னு தெரியணும், ஒப்பிட ஏற்கனவே நல்ல பட்டியல் இருக்குன்னா தாராளமா. புது இனம்னு பேர் வைக்க, ஒரு இனத்த இல்லன்னு சொல்ல, கூடவே கூடாது.

நம்ம பக்கத்துலயே நல்ல மாதிரி இருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைக்காட்டுப் பறவைங்களுக்கு 2017ல ஷோலிகோலா, மான்டெசின்க்லான்னு ரெண்டு புது ஜீனஸ் வச்சாங்களே, அதுல மைட்டோகாண்ட்ரியா, நியூக்ளியர் ஜீன், உடம்பு அளவு எல்லாம் சேத்து, மலை மலையா மாதிரி எடுத்துத்தான் எழுதினாங்க. தேன்சிட்டுக்கு வரும்போது அத முன்னாடி வச்சுக்கோங்க. பறவையக் கையாளப் பழகணும்னா கோடியக்கரைல பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வளையம் மாட்டற இடத்துல போய் நின்னு பாருங்க. பறவையோட சிவப்பணுக்கு நியூக்ளியஸ் உண்டு, அதனால ஒரு சொட்டு ரத்தமே எல்லா ஜீனுக்கும் போதும், பறவைய வாட்ட வேண்டியதில்ல.

திருவாரூர்த் தம்பி பீ கூட்டத்த எடுத்துகிட்டான், கியூபால இருக்கிற ரெண்டு கிராம் பறவை சேந்த கூட்டம். மூணாவது வழி. நேத்து ராத்திரி மரத்த அனுப்பினான், எல்லாக் கிளைக்கும் பூட்ஸ்ட்ராப் தொண்ணூத்துக்கு மேல, செலாஸ்ஃபோரஸ்க்குள்ள ஒரே ஒரு கிளை மட்டும் 54. "அக்கா, இத எப்படியாவது ஏத்த முடியுமா"ன்னு கேட்டான். அந்த ஜீனஸ்ல ரூஃபஸ், ஆலன்ங்கிற ரெண்டு இனமும் ஆரிகன், கலிஃபோர்னியா கரைல இன்னைக்கும் கலந்துகிட்டு இருக்கு. 54ஐ 54னே எழுது, அந்த இடத்தப் பிரிக்காம விட்டுடு, ஏன் விட்டேன்னு ஒரு பக்கம் எழுதுன்னு சொல்லியிருக்கேன்.